இயல் 4: ஈறு விளிம்பில் இரண்டு நிமிடம்

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் சிவப்பு இழை ஓடுகிறதா? கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தக் கறை தெரிகிறதா? எழுந்ததும் வாய் நாற்றம் உங்களுக்கே தாங்கவில்லையா? இந்த மூன்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் இந்த இயல் உங்களுக்குத்தான். நம் தாத்தாக்கள் ‘பயோரியா’ என்று சொல்லிப் பல்பொடி மாற்றிப் பார்த்த நோயின் முதல் படி இது. இந்தப் படியில் நின்றால் முழுக்கத் திரும்பி வரலாம். அடுத்த படியில், கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மேலும் கரையாமல் காப்பதே வேலையாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சொத்தைப் பல்லை நாம் ‘பூச்சி அரிச்ச பல்’ என்கிறோம். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாயில் புகை பிடிக்கவைத்து, விழுந்த ‘புழு’வைத் தட்டில் காட்டிய வைத்தியத்தைப் பற்றிச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தை வைத்து இதே வேடிக்கை நடந்தது. சூட்டில் வெடித்த விதையின் உள்கருதான் அங்கே புழுவாகத் தெரிந்தது. பல்லைக் குடையும் புழு என்று எதுவும் இல்லை. ஆனால் ஈறின் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் உண்மையிலேயே உண்டு. இந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ‘ஈறில் அமீபா! இன்றே பூச்சி மாத்திரை போடுங்கள்’ என்று வாட்ஸப்பில் செய்தி சுற்றுகிறது. போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தரும் அல்பெண்டசோல் குடற்புழுவுக்கு உரியது. ஈறு அமீபாவுக்கு அது மருந்தல்ல.

யார் யார் அங்கே குடியிருக்கிறார்கள்?

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் படியும். நகத்தால் சுரண்டினால் மாவுபோல வரும். அது சோற்றுத் துணுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. 1683இல் ஹாலந்தில் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டியதைத் தானே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, உயிர்கள் துள்ளுவதாக லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தது இதைத்தான்.

படலம் நாள்பட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிக் காரையாகும். ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை உண்டாகும். காற்றுப் புகாத அந்தப் பையில்தான் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பொல்லாத பாக்டீரியாக்கள் பெருகும். அவற்றோடு இரண்டு ஒட்டுண்ணிகளும் வந்து சேரும். ஒன்று எண்டமீபா ஜிஞ்சிவாலிஸ். மனித உடலில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட அமீபா இதுதான், ஆண்டு 1849. நம் வெள்ளணுக்களையே விழுங்கி வாழ்கிறது. மற்றொன்று டிரைக்கோமோனாஸ் டெனாக்ஸ், சாட்டை முளைத்த உயிரி. நல்ல ஈறு உள்ளவர்களிடமும் இவை இருப்பதுண்டு. நோயுற்ற ஈறில் அதிகம். எண்டமீபா ஈறுத் திசுவுக்குள்ளேயே நுழைந்து அழற்சியைக் கிளப்புகிறது என்று பெர்லின் சாரிடே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். ஆகவே அதை வெறும் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஒதுக்கவும் முடியாது.

அப்படியானால் அமீபாவைக் கொன்றுவிட்டால் ஆயிற்றே? அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். 1914, 1915இல் பிலடெல்பியாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் சில மருத்துவர்கள் பயோரியாவுக்குக் காரணம் இந்த அமீபாதான் என்று அறிவித்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 1912இல், கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அமீபா சீதபேதிக்கு எமட்டின் ஊசி போட்டு நல்ல பலன் கண்டிருந்தார். அதே மருந்தை ஈறு நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். நோய் தீர்ந்தபாடில்லை, எமட்டினோ இதயத்தைப் பதம்பார்க்கும் மருந்து. அந்த மருத்துவம் கைவிடப்பட்டது.

எனக்குப் பிடித்தது இதன் பிற்பாதி. எமட்டினைப் பரிந்துரைத்த நியூ ஆர்லியன்ஸ்காரர்களில் ஒருவர் சார்லஸ் பாஸ். டுலேன் மருத்துவக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் மறுபடியும் பல்லுக்கும் ஈறுக்கும் திரும்பினார். 1954இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஊசி கிடையாது. மென்மையான பிரஷ், நைலான் நூல், அவ்வளவுதான். இன்று உலகெங்கும் பல் மருத்துவர்கள் சொல்லித்தரும் ‘பாஸ் முறை’ அவருடையதே. உயிரியைத் துரத்தியவர், அதன் வீட்டைத் தினமும் கலைப்பதற்கு வந்து சேர்ந்தார். நாமும் நேராக அங்கேயே போய்விடுவோம்.

ஐந்து நிமிடச் சோதனை

நல்ல வெளிச்சம், கண்ணாடி, செல்போன் டார்ச் போதும்.

1. பல் தேய்ப்பதற்கு முன் பாருங்கள். தேய்த்த பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.
2. ஈறின் ஓரம் கத்தி முனைபோல மெலிந்து பல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். உருண்டு, பளபளத்து, தொட்டால் மெத்தென்றிருந்தால் வீக்கம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: நம்மில் பலருக்கு ஈறில் இயல்பாகவே கருமை உண்டு. உங்கள் ஈறின் வழக்கமான நிறத்திலிருந்து ஓரம் மட்டும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரவென்றால் காரை. எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் முதலில் காரை பிடிப்பது அங்கேதான். அடுத்தது மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கம்.
4. பல்லிடுக்கில் நூலை மெல்ல விட்டு எடுங்கள். எந்த இடுக்கில் ரத்தம், எந்த இடுக்கில் நாற்றம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
5. இரண்டு விரல்களால் ஒவ்வொரு பல்லையும் பிடித்து லேசாக அசையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் மீதிப் படிகளை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

குறிப்பு: புகைபிடிப்பவர்களுக்கும் புகையிலை அடக்குபவர்களுக்கும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அடையாளத்தை மறைத்துவிடும். ‘எனக்கு ரத்தமே வரலையே’ என்று அவர்கள் நிம்மதி அடையக் கூடாது.

வாங்க வேண்டியவை

சென்னைப் பாண்டி பஜாரில் அரை டஜன் பிரஷ் கட்டாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் அட்டையில் ‘சாஃப்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தலை சிறியதாக இருக்கட்டும். ஃபுளோரைடு உள்ள எந்தப் பற்பசையும் போதும். பல் நூல் ஒரு சுருள். ஈறு இறங்கி இடுக்குப் பெரிதாகிவிட்டவர்கள் மருந்துக் கடையில் ‘இன்டர்டென்டல் பிரஷ்’ என்று கேளுங்கள். புட்டி கழுவும் பிரஷைப் பொம்மை அளவுக்குச் சுருக்கியதுபோல இருக்கும். இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும் என்பதால் முதல் முறை பல் மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குவது நல்லது.

ஆலங்குச்சி, வேப்பங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டியதில்லை. முனையை நன்றாக மென்று நாராக்கி, ஈறு கிழியாமல் தேய்த்தால் வெளிப்பக்கம் சுத்தமாகும். உள்பக்கத்துக்குக் குச்சி வளையாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் திரிபலா, கடுக்காய், படிகாரம் எல்லாம் கிடைக்கும். கொப்பளிக்கலாம், வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் ஒட்டிய படலத்தை எந்தக் கொப்பளிப்பும் கழற்றாது. அடுக்களைச் சுவரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் போகுமா? தேய்த்தால்தான் போகும்.

தேய்க்கும் முறை

1. இரவுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறையும், குடியிருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். காலையில் ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டு இரவில் விட்டுவிடுவது தலைகீழ்க் கணக்கு.
2. பட்டாணி அளவு பற்பசை. விளம்பரத்தில் வருகிற அலைவடிவம் தேவையில்லை.
3. பிரஷை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல்வரிசைக்கு மேல்நோக்கியும் கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கியும் சாய வேண்டும். இழைகளில் பாதி பல்லின் மேல், பாதி ஈறின் ஓரத்தில்.
4. வைத்த இடத்திலேயே மிகச் சிறிய அசைவாகப் பத்துப் பதினைந்து முறை அதிரவையுங்கள். இழை நுனி நகரக் கூடாது, நடுங்க வேண்டும். பிறகு கடிக்கும் பக்கமாக உருட்டி இறக்குங்கள்.
5. இரண்டு பல் நகர்ந்து மறுபடியும் அதே. ஒரே வரிசையாகப் போங்கள்: மேல் வலது கடைசியில் தொடங்கி வெளிப்பக்கம் முழுக்க, திரும்பி உள்பக்கம் முழுக்க, பிறகு கீழ்வரிசை.
6. முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது.
7. மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் நாள் அது எவ்வளவு நீளம் என்று ஆச்சரியப்படுவீர்கள்.
8. கடைசியில் நாக்கு. வழிப்பான் மெதுவாக இரண்டு மூன்று முறை. காறி வாந்தி வரவழைத்து அக்கம்பக்கத்தை எழுப்ப வேண்டாம்.

இடுக்குக்கு நூல்: ஒரு முழம் எடுத்து நடுவிரல்களில் சுற்றி, ஓர் அங்குலம் மட்டும் இறுகப் பிடியுங்கள். இடுக்கில் வெடுக்கென்று இறக்கினால் ஈறு அறுபடும். முன்னும் பின்னும் அறுப்பதுபோல மெல்ல இறக்கி, ஒரு பல்லை ‘ப’ வடிவில் அணைத்து மேலும் கீழும் தேயுங்கள். பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல். ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவில்.

மூன்று வாரக் கணக்கு

தொடங்கிய முதல் வாரம் ரத்தம் கூடுதலாகக்கூட வரலாம். இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் நிறுத்திவிடுவார்கள் (இது என் அனுபவக் கணக்கு, ஆய்வு அல்ல). ‘பிரஷ் குத்துது’ என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவார்கள், படலம் தடிக்கும், ரத்தம் இன்னும் கூடும். ரத்தம் வரும் இடம்தான் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடம்.

1965இல் டென்மார்க்கில் ஹாரல்ட் லோ என்ற ஆய்வாளர் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே உங்களுக்கும் மூன்று வாரம் கெடு. நாள்காட்டியில் ரத்தம் வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளி குறைந்துகொண்டே வந்தால் சரியான வழி. மூன்று வாரமாகியும் குறையவில்லை என்றால் உங்கள் பிரஷ் எட்டாத இடத்தில் காரை இருக்கிறது.

அதே லோ பின்னர் இலங்கை மலையகத்துக்கு வந்தார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த 480 ஆண்களை 1970 முதல் 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பிரஷும் இல்லை, பல் மருத்துவரும் இல்லை. எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றி 45 வயதுக்குள் பல்லெல்லாம் போயிற்று. 81 சதவீதத்தினருக்கு மெல்ல முற்றியது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் நகரவே இல்லை. ‘எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் விரலாலதான் தேச்சார், ஒரு பல்லும் விழலை’ என்பவர் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்த 11இல் ஒருவர். பேரன் எதில் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அளந்துதான் தெரியும்.

பல் மருத்துவரிடம் போகும்போது

அரசு மருத்துவமனை விரும்புவோருக்குத் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூரிபா நகர்க்காரர்கள் பறக்கும் ரயிலிலும், தி.நகர்க்காரர்கள் மாம்பலத்தில் மின்சார ரயிலிலும் ஏறிக் கோட்டையில் இறங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். ஈறு நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. ‘பீரியடான்டிக்ஸ்’ என்று கேளுங்கள். ராமாபுரம், போரூர், உத்தண்டிப் பக்கத் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு இருக்கும்.

1. சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.
2. சர்க்கரை நோய், கர்ப்பம், இதயத்தில் செயற்கை வால்வு — இவற்றைக் கேட்காமலே சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது; ஈறு ஆறாவிட்டால் சர்க்கரையும் அடங்க மறுக்கும்.
3. ‘பை எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேளுங்கள். மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள். 3 வரை சரி. 4க்கு மேல் போனால் உங்கள் பிரஷ் அடியை எட்டாது. எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
4. மேலோட்டமான ஸ்கேலிங் போதுமா, மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்ய வேண்டுமா என்பது அந்த எண்ணையும் எக்ஸ்ரேயையும் பொறுத்தது.
5. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். எண் குறைந்திருந்தால்தான் மருத்துவம் பலித்தது.

“பக்கத்து வீட்டு மாமி சொல்றாங்க டாக்டர், க்ளீன் பண்ணிண்டா பல்லு ஆட ஆரம்பிச்சுடுமாம்.”

“ஏற்கெனவே ஆடுற பல்லுதாம்மா. காரை பிடிச்சு வெச்சிருக்கு. செங்கல் கழண்ட சுவத்துல பூச்சு மட்டும் நிக்கற மாதிரி.”

இந்தப் பேச்சு மயிலாப்பூரில் தினமும் எங்காவது நடக்கும். சுத்தம் செய்த பின் சில நாள் பல் கூசும், வீக்கம் வற்றுவதால் இடுக்குப் பெரிதாகத் தெரியும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும்.

விருப்பமுள்ளவர்களுக்கு: குடியிருப்பவர்களை நேரில் பார்ப்பது

வீட்டில் பள்ளி மாணவர் இருந்து, 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி கிடைத்தால் இதைச் செய்யலாம்.

1. மழுங்கிய மரக்குச்சியால் கடைவாய்ப் பல்லின் விளிம்புப் படலத்தைத் துளி எடுங்கள். ஈறுக்குள் குத்தாதீர்கள்.
2. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எச்சிலோடு குழப்பி, மூடித் தகடு வையுங்கள்.
3. ஏ.சி.யை அணைத்துவிட்டு உடனே பாருங்கள். குளிர்ந்தால் அமீபா உருண்டையாகச் சுருண்டுவிடும், அடையாளம் தெரியாது. ஒளித் துளையைக் குறைத்தால் உருவம் தெளிவாகும்.
4. சாட்டையால் துடித்துத் துடித்து ஓடுவது டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். மெதுவாகக் கைகால் நீட்டி வடிவம் மாறி நகர்வது அமீபாவாக இருக்கலாம். அசையாத உருண்டைகள் பெரும்பாலும் உங்கள் வெள்ளணுக்கள். அவற்றை அமீபா என்று எண்ணிப் பயந்தவர்கள் உண்டு.
5. பார்த்து முடித்ததும் தகட்டைக் கிருமிநீக்கித் திரவத்தில் ஊறவைத்துக் கைகழுவுங்கள்.

அமீபா தெரிந்தால் நோய் என்றோ தெரியாவிட்டால் சுகம் என்றோ முடிவு கட்டாதீர்கள்.

வழக்கமான தப்புகள்

உப்புக்கல், கரி, சாம்பல், செங்கல் பொடி: பல்லின் மேற்பூச்சு தேயும், ஈறு இறங்கும். புகையிலைப் பொடி வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம்.

கிராம்புத் தைலத்தை நேரடியாக ஈறில் தடவுவது: திசு வெந்து வெளுத்துவிடும்.

குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு: மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் இரண்டு மாதம் தொடர்ந்தேன். பல்லெல்லாம் காப்பிக் கறை, சாம்பாருக்கு ருசியே இல்லை. பற்பசை நுரை அதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிக்க வேண்டும்.

மெட்ரோனிடசோல்: காற்றில்லா பாக்டீரியா, ஒட்டுண்ணி இரண்டையும் கொல்லும் மாத்திரை என்பதால் தாமாகவே வாங்கிப் போடுகிறார்கள். காரை அங்கேயே இருக்க மாத்திரை மட்டும் போட்டால் சில வாரத்தில் எல்லாரும் குடித்தனம் திரும்பிவிடுவார்கள். மது அருந்தினால் வாந்தி புரட்டும் என்று எச்சரிப்பார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவைக் கூட்டும். சீட்டில்லாமல் வேண்டாம்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பு: செய்யலாம், ஆனால் தொண்டைக்குள் இழுத்துவிடாமல். பிரஷுக்குப் பதிலாகாது.

எச்சில் கணக்கு

ஈறு அமீபாவுக்கு உறை போட்டுக்கொண்டு வெளியே பிழைக்கும் பருவம் கிடையாது. ஆகவே ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு எச்சில் வழியாகத்தான் போகும். தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. பிரஷைப் பகிர வேண்டாம். ஒரே குவளையில் குடும்பத்துப் பிரஷ்களின் தலைகள் முட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அதற்காகப் பேரனைக் கொஞ்ச மறுக்க வேண்டியதில்லை. கணவன் மனைவியில் ஒருவருக்கு ஈறு நோய் என்றால் மற்றவரும் ஒருமுறை பையை அளந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

தள்ளிப்போடக் கூடாதவை

முகம் அல்லது தாடை வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம் என்றால் அன்றே, இரவானாலும், மருத்துவமனை. ஈறில் சீழ்க்கட்டி என்றால் மறுநாளுக்குள். எந்தக் காரணமும் இல்லாமல் ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்தால் ரத்தப் பரிசோதனை.

ஈறிலோ கன்னத்திலோ நாக்கிலோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், முக்கியமாக வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, அது ஈறு நோய் என்று எண்ணி மூன்று வாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னைக்காரர்களுக்குப் பேருந்து தூரம்தான். பல் மருத்துவர் பார்த்துச் சந்தேகம் என்றால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

எல்லாம் சரியாகி ரத்தம் நின்றவர்கள் அடுத்த சுத்தத்துக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பை 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளி, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு; ஆழமான பைக்கு மருத்துவம் எடுத்தவர்களுக்கு மூன்று மாதம்.